ஒண்ணும் வரலண்ணே

எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்போது வரும் போன் அழைப்புக்குத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். சிவப்பு எரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எது கெட்டுப்போனது என்று அதுவே சொல்லிவிடும், மாற்றிவிடலாம். பச்சை எரியும்போது, "மேடம், ஒண்ணுமே ஓட மாட்டேங்குது" என்று ஒரு குரல் வந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களோடு கொஞ்சம் பேசச் சொன்னார்கள். கருவிகளைப் பற்றிச் சொல்ல என்னைவிட விவரமானவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு எத்தனையோ மாறிவிட்டன. அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சொல்லச் சொல்ல மனம் லேசாகும் என்பார்கள். இந்த விஷயத்தில் எனக்கு அப்படி ஆகவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது.

புதுக்கோட்டை டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பு. குன்றாண்டார்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். எங்களிடம் பெரிய சர்வர்கள் இரண்டு இருந்தன. பில் போடுவது, லேப் ரிப்போர்ட், மருந்துக்கடை, பழைய ஸ்கேன் படங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணினி இருப்பது போல வெளியே தெரியும். உண்மையில் அவை எல்லாம் அந்த இரண்டு சர்வர்களுக்குள் பிரித்து ஓடும் மெய்நிகர் கணினிகள். தகவல் முழுவதும் பொதுவான ஒரு சேமிப்பு அலமாரியில் இருக்கும். அதில் இருந்தவை சுழலும் பழைய டிஸ்க்குகள். நிதானமாகத்தான் படிக்கும்.

அந்த நிதானத்தை மறைத்துக்கொண்டிருந்தது ரீட் கேஷ். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் வேகமான ஒரு ஃபிளாஷ் அட்டை உண்டு. எந்தத் தகவலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களோ அதன் நகல் ஒன்றை அந்த அட்டையிலேயே வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்டால் டிஸ்க் வரை போகாமல் அங்கேயே எடுத்துக் கொடுத்துவிடும். மூலம் பத்திரமாக டிஸ்க்கில் இருக்கும். அட்டை போனாலும் தகவல் போகாது, வேகம் மட்டும் போகும்.

"வேகம் மட்டும்தான்" என்று நானும் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

டிஸ்க்குகளை மாற்ற வேண்டும் என்று நிர்வாகியிடம் கேட்டபோதெல்லாம் அவர் தன் மேசைக் கணினியில் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து காட்டுவார். கண் சிமிட்டுவதற்குள் வந்து நிற்கும். "நல்லாத்தானங்க ஓடுது? எதுக்கு மாத்தணும்?" என்பார். அவர் தினமும் திறக்கிற ரிப்போர்ட் அது. கேஷில் முதல் வரிசையில் இருக்கும். யாரும் தொடாத பழைய தகவல் ஒன்றைத் திறந்து காட்டியிருந்தால் அவருக்கும் புரிந்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து முடிவெடுத்தார், அவ்வளவுதான்.

அன்று காலை, ஓ.பி.யில் கூட்டம் நிரம்பி வழிகிற நேரம். யூ.பி.எஸ்.ஸில் ஏதோ கோளாறு. ஒரு சர்வர் விழுந்துவிட்டது. அதில் ஓடிக்கொண்டிருந்த கணினிகள் எல்லாம், ஏற்பாடு செய்து வைத்திருந்தபடியே, மற்ற சர்வரில் தானாக எழுந்துகொண்டன. சில நிமிடங்கள்தான். திரையில் மறுபடியும் எல்லாம் பச்சை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் போன் அடிக்கத் தொடங்கியது.

கணினிகள் இடம் மாறிவிட்டன. அவற்றின் கேஷ் விழுந்த சர்வரிலேயே தங்கிவிட்டது. புதிய இடத்தின் அட்டையில் அவற்றுக்காக ஒன்றும் இல்லை. அதனால் சின்னச் சின்னக் கேள்வி எல்லாம் நேராகப் பழைய டிஸ்க்குகளின் தலையில் போய் விழுந்தது. வரவில்லை என்றதும் மக்கள் என்ன செய்வார்கள்? இன்னொரு முறை அழுத்துவார்கள். அதுவும் டிஸ்க்குக்குப் போகும்.

"கேஷ் காலியாயிடுச்சு, கொஞ்சம் பொறுங்க" என்று பில் கவுண்ட்டருக்குச் சொன்னேன். அந்தப் பெண் பதறிப்போய், "இல்லைங்க மேடம், பெட்டியில அப்புடியே இருக்கு, இப்பத்தான் எண்ணுனேன்" என்றாள். இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

நிர்வாகி நேரில் வந்துவிட்டார். "ரீஸ்டார்ட் பண்ணுங்க, சரியாயிடும்" என்றார். போனில் இருந்த சர்வர் கம்பெனி இன்ஜினியரும் அதையே சொன்னார். நான் மறுத்தேன். அதுவரை வந்து சேர்ந்திருந்த கொஞ்சநஞ்ச கேஷும் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. "ஒண்ணும் செய்யாம ஒக்காந்திருக்கவா சொல்றீங்க?" என்று அவர் குரலை உயர்த்தினார். "ஆமாங்க சார். ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் இப்ப வேலை" என்றேன். இது உங்களுக்கும் வரும். சும்மா இருப்பது சரி என்று தெரிந்த நேரத்தில் சும்மா இருப்பதற்கு, ஓடியாடி வேலை செய்வதைவிட அதிகத் தைரியம் வேண்டும்.

அதற்குள் கேஷுவல்ட்டியிலிருந்து அழைப்பு. திருவரங்குளம் பக்கம் ஒரு வேன் கவிழ்ந்து, அடிபட்டவர்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். லேப் ரிப்போர்ட் திரையில் வந்தால்தான் ஆபரேஷன் தியேட்டரில் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். இப்போது சும்மா இருக்க முடியாது. எதையாவது நிறுத்தி டிஸ்க்குகளுக்கு மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும்.

எதை நிறுத்துவது? நான் அதிகம் யோசிக்கவில்லை. பழைய ஸ்கேன் படங்களை வைத்திருந்த கணினியை நிறுத்தினேன். படங்கள் ஒவ்வொன்றும் பெரியவை. ஒருவர் ஒரு பழைய படத்தைத் திறந்தால் டிஸ்க் முழுவதும் அதிலேயே மாட்டிக்கொள்ளும், அப்போதுதான் நிறைந்து வருகிற கேஷில் இருந்து லேப் தகவலையும் தள்ளிவிடும். ஒரு நாளில் பழைய படம் கேட்பவர்கள் கொஞ்சம் பேர். லேப் கேட்பவர்கள் நிறையப் பேர். இன்று அதே நிலைமை வந்தாலும் நான் அதைத்தான் நிறுத்துவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

லேப் எழுந்துகொண்டது. வேனில் வந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்கேன் பிரிவிலிருந்து சரவணன் கூப்பிட்டார். சி.டி. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். என்னைவிட வயதில் சிறியவர். நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிப் படுக்க வைப்பதில் தாயைப் போலப் பக்குவம் உள்ள மனிதர்.

"மேடம், ஒரே ஒரு பேஷண்டு. பழைய சி.டி. மட்டும் பாக்கணும். நெஞ்சு டாக்டர் மத்தியானம் திருச்சிக்குக் கெளம்பிடுவாரு."

"லேப் இப்பத்தான் எழுந்திருக்கு சரவணன். இப்பத் திறந்தா மறுபடி படுத்துரும்."

"சரிங்க மேடம். என்னான்னு சொல்லட்டும் அவங்ககிட்ட?"

"இருங்க, நானே வாரேன்" என்று கீழே இறங்கிப் போனேன்.

பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெயர் காளிமுத்து, மணமேல்குடியில் கடலுக்குப் போகிறவர். மனைவி பாக்கியம். இரண்டு மூன்று மாதமாக இருமல் என்று வந்திருக்கிறார். காலையில் எடுத்த படத்தில் நுரையீரலில் ஒரு சிறிய புள்ளி தெரிந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் இதே மருத்துவமனையில் அவருக்கு நெஞ்சில் சி.டி. படம் எடுத்திருந்தார்கள். அந்தப் புள்ளி அதிலும் இருந்தால் அது ஆறிப்போன பழைய தழும்பு, கவலை இல்லை. அதில் இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தால், உடனே தஞ்சாவூருக்கு அனுப்பிச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். டாக்டர் இதைச் சரவணனிடம் விளக்கியிருந்தார். அவர்களிடம் சொன்னது, "பழைய படத்தப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பது மட்டும். பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

நான் பக்கத்தில் நிற்கும்போதே சரவணன் ஒரு முயற்சியாகப் பழைய படத்தைத் திறந்து பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது: படங்கள் எதுவும் இல்லை.

அது பொய்யான வரி. படங்கள் இருந்தன. கேட்ட நேரத்துக்குள் பதில் வரவில்லை என்றால் அந்த மென்பொருள் அப்படித்தான் காட்டும். எனக்குத் தெரியும், சரவணனுக்கும் தெரியும். அதனால் எங்கள் இருவருக்கும் அது கண்ணில் உறுத்தவில்லை.

சரவணன் திரும்பி, "பழைய படத்துல ஒண்ணும் வரலண்ணே. டாக்டர் அடுத்த வாரம் இங்கிட்டு வருவாரு, அப்ப வாங்க" என்றார்.

"ஒண்ணும் வரலையா தம்பி?"

"வரலண்ணே."

காளிமுத்து மனைவியைப் பார்த்தார். பிறகு எழுந்து சரவணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சரிங்க தம்பி, வாரோம்" என்று சிரித்துவிட்டுப் போனார். காலையிலிருந்து எல்லோரும் கத்திக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தில் இவர் ஒருவர்தான் சிரித்தார். எவ்வளவு பொறுமையான மனிதர் என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

நாங்கள் சொன்னது, படம் திறக்கவில்லை என்று. அவர் காதில் விழுந்தது, உடம்பில் ஒன்றும் இல்லை என்று. சொல் ஒன்றுதான்.

மதியத்துக்குள் கேஷ் ஓரளவு நிறைந்துவிட்டது. தினமும் கேட்கிற தகவல்கள் எல்லாம் புதிய அட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டன. டிஸ்க்குகளின் பாரம் குறைந்தது. நான் ஸ்கேன் படங்களின் கணினியைத் திரும்ப ஓடவிட்டு, சரவணனிடம் சொன்னேன். அவர் முதல் வேலையாகத் திறந்தது காளிமுத்துவின் பழைய படத்தைத்தான். மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தன.

அவர் என்னைக் கூப்பிட்டபோது குரலே மாறியிருந்தது. "மேடம், அந்தப் புள்ளி பழைய படத்துல இல்லைங்க. சுத்தமா இருக்கு."

திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டருக்குப் போனில் படத்தை அனுப்பினோம். உடனே கூப்பிட்டார். "புதுசாத்தான் வந்திருக்கு. அவர விட்றாதீங்க, திரும்பக் கூப்புடுங்க."

பதிவில் இருந்த எண் பாக்கியத்தின் அண்ணனுடையது. அவர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். ஊரில் இருந்தபோது கொடுத்த எண், அணைந்திருந்தது. சரவணன் வாசல் வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். "போயிட்டாங்க மேடம்." அடுத்த விடுமுறை நாளில் பஸ் ஏறி மணமேல்குடிக்கே போனார். பதிவில் இருந்த முகவரியும் அண்ணன் வீடுதான், பூட்டிக்கிடந்தது. பக்கத்தில் விசாரித்ததில், காளிமுத்து வேறு குப்பத்தில் இருக்கிறார், கடலுக்குப் போயிருப்பார் என்றார்கள். அண்ணனின் வெளிநாட்டு எண்ணை வாங்கிக்கொண்டு வந்தார். நாங்கள் பேசினோம். அவரும் தங்கைக்குச் சொல்லியிருக்கிறார். "அங்கதான் ஒண்ணும் வரலைன்னு சொல்லிட்டாங்களேண்ணே" என்றிருக்கிறார் தங்கை. தனியார் ஆஸ்பத்திரி என்றால் திரும்பத் திரும்ப வரச் சொல்லத்தான் செய்வார்கள் என்று அண்ணனும் விட்டுவிட்டார். சொல்லியாகிவிட்டது, வருவார்கள் என்று நாங்கள் இருந்தோம்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் கரையில் நிற்கிற நாளில், காளிமுத்து வந்தார். இருமினால் ரத்தம் வந்தது. பழைய மனிதரில் பாதிதான் இருந்தார். டாக்டர் அன்றே தஞ்சாவூருக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கே போயிருந்தா வாய்ப்பு இருந்துருக்கும். எவ்வளவுன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்றார்.

அடுத்த தடைக்காலம் வருவதற்குள் காளிமுத்து இறந்துபோனார்.

சரவணன் அதற்குப் பிறகு யாரிடமும் "வரல" என்று சொன்னதில்லை. "படம் இருக்குங்க, மிஷின் இன்னும் எடுத்துக் குடுக்கல" என்று நீட்டி முழக்கிச் சொல்லுவார். கேட்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். ஒருநாள் மதிய உணவின்போது, "நான் இன்னும் ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கலாம்ல மேடம்?" என்றார். "ஒங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படியேதான் சொல்லியிருப்பேன் சரவணன்" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மை அது. அவர் தலையாட்டினார். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போனார். இப்போதும் பொங்கலுக்குப் பேசுவார். அந்த விஷயத்தை இருவருமே எடுப்பதில்லை.

நான் செய்தது இரண்டு. மென்பொருள்காரர்களிடம் சண்டை போட்டு அந்த வரியை மாற்ற வைத்தேன். "இல்லை" என்பது வேறு, "இன்னும் கிடைக்கவில்லை" என்பது வேறு. உங்கள் திரை இந்த இரண்டையும் ஒரே மாதிரி காட்டினால், அன்றைக்கே அதைச் சரி செய்யுங்கள். இரண்டாவது, எதையாவது நிறுத்தும்போது அதற்காகக் காத்திருப்பவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளத் தொடங்கினேன். கேஷுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும்: அடிக்கடி கேட்கிறார்களா இல்லையா. எது ஒருவருக்கு உயிர் என்று அதற்குத் தெரியாது. அதை அதனிடம் எதிர்பார்க்கவும் கூடாது. அதைத் தெரிந்து வைத்திருக்கத்தான் நம்மைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். பிறகு டிஸ்க்குகளையும் மாற்றினார்கள். நிர்வாகியே முன்நின்று மாற்றினார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு பாக்கியம் மருத்துவமனைக்கு வந்தார். நாத்தனாரைக் கண் டாக்டரிடம் காட்ட வந்தவர், விசாரித்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ங்கம்மா. சண்டைக்கு வரல. அன்னைக்கு ஒண்ணும் வரலைன்னு அந்தத் தம்பி சொன்னாருல்ல, அது என்னங்க வரல?"

யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. நான் சொன்னேன். அடிக்கடி கேட்கிற தகவலை மிஷின் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துக்கொள்ளும், எப்போதாவது கேட்பது உள்ளே தூரத்தில் இருக்கும். அன்றைக்கு மிஷின் விழுந்ததில் கைக்கெட்டுகிற இடம் காலியாகிவிட்டது. எல்லாமே தூரத்திலிருந்து வரவேண்டி இருந்தது. அடிபட்டவர்களுக்காக ஒரு வழியைத் திறக்க இன்னொரு வழியை நான்தான் அடைத்தேன். அடைத்த வழியில் அவர் கணவருடைய படம் இருந்தது.

"அப்ப படம் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்கம்மா."

"எப்ப வந்துச்சு?"

"மத்தியானம் வந்துருச்சு. அதுக்குள்ள நீங்க ஊருக்குப் போயிட்டீங்க."

பாக்கியம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போகலைங்கம்மா. சாயங்காலம் வரைக்கும் இங்கனதான் இருந்தோம், பஸ் ஸ்டாண்டுகிட்ட. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க, வா, நல்லாச் சாப்புடுவோம்னு பிரியாணிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அப்பறம் கீழ ராஜ வீதியில கடை கடையா ஏறி எறங்கி எனக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்தாரு. எனக்கு வேணாங்கன்னேன், கேக்கல. பயந்துகிட்டே கெடந்த மனுசன், அன்னைக்கு முழுக்கச் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு."

நாத்தனார் வாசலில் வந்து நின்று, டாக்டர் கூப்பிடுகிறார் என்றார். பாக்கியம் எழுந்தார். கதவருகில் போனவர் திரும்பிப் பார்த்து, "அந்தத் தம்பிய நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன் என்றேன். இதுவரை சொல்லவில்லை. அவர்கள் அன்று சாயங்காலம் வரை, தேடினால் கிடைக்கிற தூரத்தில்தான் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல், இதை மட்டும் சரவணனிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.